மஞ்சள் சிவப்பாகும் வரை

கெட்டது நடக்கப்போவதை ஊருக்கெல்லாம் முன்னால் கண்டுபிடித்துவிட்டு, அது நடந்து முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் ஒரு வகை மனிதர்கள் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழாய் வெடித்து வீடு முழுக்கத் தண்ணீர் ஓடும்போது மற்றவர்கள் வாளியைத் தேடுவார்கள். ஒருவர் மட்டும் கணுக்கால் ஆழத்தில் நின்றபடி, "நான் போன மாசமே சொன்னேன்" என்பார். முகத்தில் அப்படியொரு நிறைவு. இந்த இனத்தார் எங்காவது மாநாடு நடத்தினால் வரவேற்புரை என்னுடையதாகத்தான் இருக்கும். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம்மவர் சாலைத் துறைப் பொறியாளர். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'வானிலை'. நேரில் மட்டும் மரியாதையாக 'வானிலை சார்'. முக்கியச் சாலைகளில் தாருக்கு அடியில் உணர்கருவிகளைப் புதைத்தது அவருடைய திட்டம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மேலே வண்டி போகும்போது சாலை எவ்வளவு அமுங்குகிறது, அடியில் ஈரம் இறங்குகிறதா என்பதையெல்லாம் அவர் மேஜைத் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சாலை நன்றாக இருந்தால் பச்சை. நலிந்தால் மஞ்சள். உடைந்துவிடும் என்றால் சிவப்பு. குழி விழுந்த பிறகு மூடுவதைவிட விழும் முன்பே சரிசெய்துவிடலாம் என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். நல்ல திட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அது நம் இனத்து ஆள் கையில் அல்லவா கிடைத்தது?

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், பெட்ரோல் பங்க் வளைவு மஞ்சளானது. அன்று வானிலை சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கவலை என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்துக்குப் புதியவர். சந்தோஷத்தில்தான் இறங்கவில்லை. போவோர் வருவோரையெல்லாம் தோளைத் தொட்டு நிறுத்தி, திரைக்கு முன் உட்காரவைத்து, மஞ்சள் எப்படி நாளுக்கு நாள் அடர்ந்துவருகிறது என்று, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் காட்டும் தகப்பன் போலக் காட்டினார். பார்க்க வந்தவர்களில் பராமரிப்புப் பிரிவு அதிகாரியும் ஒருவர். காரியக்காரப் பெண்மணி.

"தார் லாரி சும்மாதான் நிக்குது சார். நாளைக்கே அனுப்பிச் சரி பண்ணிடட்டுமா?"

"அவசரப்படாதீங்க மேடம். இப்பச் சரி பண்ணிட்டா, அது உடைஞ்சிருக்கும்னு எப்படி நிரூபிக்கிறது?"

"உடையக்கூடாதுன்னுதானே சார் கருவியே வச்சோம்?"

"அது சரிதான். ஆனா தலைமைப் பொறியாளர் வரப்போறார். அவர் கண்ணு முன்னாடி ஒரு தடவை சிவப்பாகட்டும். அப்புறம் அனுப்புங்க."

"அதுவரைக்கும் ஒரு தடுப்பாவது வச்சிடறேன்."

"தடுப்பு வச்சா வண்டி போகாது. வண்டி போகலைன்னா அளவெல்லாம் தப்பாயிடும் மேடம்."

அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தலைமைப் பொறியாளர் வந்த காலையில், விளக்கப்படங்கள் இருந்த பென்டிரைவை வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் வானிலை சார். மனைவிக்குப் போன் போட்டார்.

"கொஞ்சம் கொண்டுவந்து குடுத்துடும்மா. எல்லாரும் உட்கார்ந்தாச்சு."

"வர்றேன். எந்த வழி சீக்கிரம்?"

"பங்க் வழியா வா. அதுதான் கிட்ட."

சொன்ன வாய் அவருடையதேதான். படங்கள் வந்துசேர வேண்டுமே என்ற பதைப்பில் வேறெதுவும் அவர் தலையில் ஏறவில்லை. மனைவியும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பென்டிரைவ் வரும் வரை பொழுது போக வேண்டுமே என்று திரையைப் பெரிதாக்கி நேரலையாகவே காட்டினார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. தலைமைப் பொறியாளர் கொட்டாவியை அடக்கியபோது திரையில் அளவு காட்டும் கோடு சட்டென்று எகிறியது. வளைவு சிவந்தது.

"நான் சொன்னேனா இல்லையா சார்?" என்றார் வானிலை சார். யாரோ கை தட்டினார்கள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, மனைவி. வாசலில் வந்து நிற்கிறாள் போலும் என்று துண்டித்தார். மறுபடி அதிர்ந்தது, மறுபடி துண்டித்தார். மூன்றாம் முறை, ஒரு மன்னிப்புச் சிரிப்போடு எடுத்தார்.

"சார், இந்த அம்மா பங்க் பக்கத்துல விழுந்துட்டாங்க. முன்னாடி போன லாரி சக்கரத்துக்கு ரோடு உள்வாங்கிடுச்சு. வண்டியோட குழிக்குள்ள போயிட்டாங்க. கை வீங்கிட்டு வருது" என்றது யாரோ ஓர் ஆணின் குரல்.

திரையில் இன்னும் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு அதை அணைக்கத் தோன்றியது; எந்தப் பொத்தான் என்று மறந்துபோயிருந்தது.

மருத்துவமனையில் வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டு உட்காரவைத்திருந்தார்கள். இடது கையால் பையைத் துழாவி, மனைவி பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க. உங்க கூட்டம் என்னாச்சு?"

"அது நல்லாத்தான் போச்சு." அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த வளைவு..."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"அப்பவே சரி பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருந்தா, கணிப்பு சரியா இல்லையான்னு தெரிஞ்சிருக்காது."

"இப்பத் தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மனைவி.

வானிலை சார் மருத்துவமனை நடைக்கூடத்தில் நின்று பராமரிப்பு அதிகாரியைப் போனில் அழைத்து, லாரியை அனுப்பச் சொன்னார். "காலையிலேயே தயாரா வந்து நிக்குது சார்" என்றார் அந்த அம்மாள். "நீங்க சொன்னாப் போகலாம்னு நம்ம ஆபீஸ் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கேன்." அதில் குத்தல் இல்லை. அதுதான் அவருக்கு அதிகம் குத்தியது.

கணிப்பைப் பாராட்டி, ஊர் முழுக்கக் கருவி புதைக்க அனுமதி வந்தது. வானிலை சார் இப்போது மாறிவிட்டார். மஞ்சள் தெரிந்த உடனே லாரி. விளைவு, எங்கேயும் எதுவும் சிவப்பாவதில்லை. அடுத்த முறை வந்த தலைமைப் பொறியாளர், "குழியே விழலையேப்பா, இந்தக் கருவியால என்னதான் பிரயோஜனம்?" என்று கேட்டாராம். 'ஒரு தடவை சிவப்பாக விட்டுப் பாருங்க சார், தெரியும்' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. 'விழுங்கிக்கொண்டேன்' என்று அவரே தேநீர் நேரத்தில் தன்னைக் கேலி செய்துகொண்டு சொல்கிறார். அந்த ஒரு வாய்தான் தன் பணிக்காலத்திலேயே விழுங்கக் கடினமானதாம்.

போகட்டும், உங்களிடம் ஒரு கேள்வி. அவர் மனைவி ஸ்கூட்டரை எடுத்தபோதே என்ன ஆகப்போகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? நான் அதற்கும் முன்னால், முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நம் இருவரில் ஒருவராவது 'அந்தப் பக்கம் போகாதீங்கம்மா' என்று ஒரு குரல் கொடுத்தோமா? நினைத்தபடிதான் விழுகிறாரா என்று பார்க்க, அடுத்த பத்திக்கு அல்லவா விரைந்தோம்?