பெயர் மாற்றப்பட்டது

“யாரும்மா இந்தக் கிளமென்ட்?”

நூல் மில் மேனேஜர் குமரகுருபரன் அறிக்கையை மேசைமேல் போட்டுவிட்டுச் சித்ரலேகாவை முறைத்தார்.

“சார், அது நிஜப் பேரு இல்ல. ஆய்வுல பேசுனவங்க பேரை நாங்க…”

மேனேஜர் வலக் கையை உயர்த்தினார். அவர் கை உயர்ந்தால் எதிரே இருப்பவர் வாயை மூட வேண்டும் என்பது மில்லில் எழுதாத சட்டம். சித்ரலேகா மூடிக்கொண்டாள்.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் ஆய்வு உதவியாளர். சேரன்மகாதேவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் அந்த மில்லில் மேற்பார்வையாளர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு பயிற்சி நடந்திருந்தது. பெயர் ‘காது கொடுத்துக் கேட்போம்’. தொழிலாளர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது எப்படி என்று சொல்லித்தருகிற பயிற்சி. பாடம் எடுக்க வெளியிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்று முதலாளி சொல்லத் தொடங்கியபோதே கையை உயர்த்திவிட்டுத் தானே எடுத்தவர் குமரகுருபரன். அந்தப் பயிற்சியால் ஏதாவது பலன் உண்டா என்று பங்கேற்றவர்களிடம் விசாரித்து எழுதுவது சித்ரலேகாவின் வேலை. அறிக்கையில் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரியில் அவளுடைய தற்காலிக வேலை அடுத்த ஆண்டும் நீளும்.

ஆனால் பேசிய எல்லாருக்கும் “உங்க பேரு வெளிய வராது” என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சித்ரலேகா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். நேரில் கூப்பிட்டால் யார் வந்தார், யார் போனார் என்று நாலு பேர் பார்ப்பார்கள் என்று, பயிற்சிப் பட்டியலில் இருந்த எண்களைக் கூப்பிட்டுப் போனிலேயே பேட்டி எடுத்தாள். போனிலும் பெயரைக் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் ஒலிப்பதிவை அழித்தாள். பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் எழுத்துத் தமிழுக்கு மாற்றினாள்.

நூற்புப் பிரிவு மேற்பார்வையாளர் அன்னத்தாயின் எண்ணில் கிடைத்த பேட்டி கொஞ்சம் காரம். அதனால் அன்னத்தாயை ஆணாகவே மாற்றி, அந்த வயல்காட்டு மில்லில் இருக்கவே முடியாத ஒரு கடற்கரைப் பெயராகத் தேடிப் பிடித்துச் சூட்டினாள்.

மேனேஜர் அந்தக் காரத்தைச் சத்தமாக வாசித்தார்.

“‘நாம் வாயைத் திறந்தாலே அவர் கையை உயர்த்திவிடுவார். சொன்ன கதையையே சொல்வார். சிரிக்காவிட்டால் மறுபடியும் சொல்வார். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்துவலிதான் மிச்சம். இவர் போய்க் காது கொடுத்துக் கேட்பதைப் பற்றிப் பாடம் எடுப்பது பெரிய வேடிக்கை.’ என்னம்மா இது?”

“சார், அது ஒருத்தரோட கருத்து…”

கை உயர்ந்தது. அதே நேரம் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். போன மாதம் மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த எலக்ட்ரீஷியன். பெயர் கிளமென்ட்.

சித்ரலேகா வாயைத் திறக்குமுன், “வகுப்பைப் பத்தி இப்படிப் பேசுனது நீர்தானா வே?” என்று மேனேஜர் அறிக்கையை அவரிடம் நீட்டினார்.

“சார், நான் அந்த வகுப்புப் பக்கமே தலை வச்சுப் படுக்கலியே!” என்றார் கிளமென்ட்.

அது சத்தியமான உண்மை. ஆனால் வகுப்பில் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குமரகுருபரன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

“வரலியா? அப்ப உமக்குத் தனியா எடுக்கேன் வே. தினம் சாயங்காலம், வேலை முடிஞ்சதும்.”

“இதுக்குப் பேசாம என்னைய சஸ்பெண்டு பண்ணிருங்க சார்!”

பாவம், கிளமென்ட் போகும்போது சித்ரலேகாவைப் பார்த்த பார்வையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றே அறிக்கையைத் திருத்தினாள். பெயர் இருந்தால்தானே வம்பு? கிளமென்டை அடித்துவிட்டு ‘பங்கேற்பாளர் 7’ என்று போட்டாள். ஏழு சும்மா மனதில் வந்த எண்.

மில்லில் ஆளுக்கு ஒரு டோக்கன் எண் உண்டு என்பது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. டோக்கன் ஏழு, தொழிற்சங்கச் செயலாளர் சுடலைமணி.

சுடலைமணி பயிற்சி முழுக்கக் கடைசி வரிசையில் தூங்கியவர். மேனேஜர் கூப்பிட்டு அதட்டியபோது, தான் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறது என்று படித்துக்காட்டச் சொன்னார். கேட்டதும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

“ஆமா, நான்தான் சொன்னேன்! இன்னுஞ் சொல்லுவேன்!” என்று மில் வாசலில் கூட்டமே போட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

சித்ரலேகா அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க அதைச் சொல்லவே இல்லையே!”

“சொல்லாட்டி என்னம்மா? நெனைச்சேம்லா!”

மேனேஜருக்கும் சங்கத்துக்கும் முட்டிக்கொண்டால் அறிக்கையை யார் சீந்துவார்கள்? சித்ரலேகா மூன்றாவது முறை உட்கார்ந்து அந்தப் பகுதியையே எடுத்துவிட்டாள். இருந்தால்தானே கேட்பார்கள் என்று நினைத்தாள். இல்லாவிட்டால் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள் என்பது அவளுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரப்படவில்லை.

“இங்கன இருந்தது எங்க?” என்றார் மேனேஜர்.

“எடுத்துட்டேன் சார்.”

“எடுத்துட்டியளா? அப்ப இன்னும் பெருசா என்னமோ பேசியிருக்கான்!”

செய்தி கேன்டீனுக்குப் போனது. அறிக்கையில் எதையோ மறைத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். மேனேஜரை மாற்றப்போகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மில்லையே மூடப்போகிறார்கள் என்று முடிந்தது. இரண்டு பேர் வேறு வேலை தேடவே கிளம்பிவிட்டார்கள்.

சுடலைமணி ஒப்புக்கொண்டது வெறும் வீம்பு என்று முடிவு செய்து, குமரகுருபரன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். சொன்ன ஆள் யாரென்று தெரியும்வரை, பயிற்சிக்கு வந்த அத்தனை பேருக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே வகுப்பு முதலிலிருந்து நடக்கும். அறிக்கையில் கையெழுத்தும் கிடையாது.

“சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்கம்மா. வரும்போது அந்தப் பேரோட வாங்க” என்றார்.

சித்ரலேகா அழாத குறைதான். பெயரைச் சொன்னால் அன்னத்தாய் கதி என்ன? சொல்லாவிட்டால் எல்லாருடைய ஞாயிற்றுக்கிழமையும் போச்சு, தன் வேலையும் போச்சு. அன்னத்தாயிடம் ஒரு வார்த்தை தைரியம் சொல்லலாம் என்று, ஷிப்டு விடும் நேரம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். அங்கேயோ சுற்றிலும் மில் ஆட்கள். விஷயத்தை எப்படி வெளிப்படையாகப் பேசுவது?

“அக்கா, அந்த விசயம் என் உசுரு போனாலும் வெளிய வராது” என்று காதோரம் சொன்னாள்.

“எந்த விசயம் தாயி?” என்று அன்னத்தாய் பஸ் நிறுத்தம் அதிரக் கேட்டாள். போனில் எவ்வளவு மெல்லிய குரல்! மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்குக் குரல் இப்படித்தான் ஆகிவிடும்போல என்று சித்ரலேகா நினைத்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்கக்கா.”

“எனக்கென்ன பயம்? ஞாயித்துக்கிழமை வகுப்புன்னுதான் வயிறு எரியுது. எந்த வாய்க்கொழுப்பு எடுத்தவ என்னத்தப் பேசுனாளோ, நாங்கல்லா அனுபவிக்கோம்! அவ மட்டும் என் கையில கெடைச்சா!”

சித்ரலேகா அசந்துபோனாள். என்ன சாமர்த்தியம்! தன்னைத்தானே திட்டிக்கொண்டு, தன்னிடமே இப்படி நடிக்கிறாளே! இவளைக் காட்டிக்கொடுப்பதாவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் வீட்டுக் கூடத்தில் அவர் எதிரே உட்கார்ந்தாள். அவர் மனைவி அனுராதா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக நின்றார்.

“பேரு?” என்றார் குமரகுருபரன்.

“சொல்ல மாட்டேன் சார்.”

கை உயர்ந்தது. ஆனால் சித்ரலேகா இந்த முறை நிறுத்தவில்லை.

“கையை எறக்குங்க சார். என்னைய நம்பி ஒருத்தங்க மனசுல உள்ளதைச் சொல்லியிருக்காங்க. வீட்டுல, வேலை செய்யுத இடத்துல, எங்கயுமே சொல்ல முடியாமத்தான் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. அதை வாங்கி உங்க கையில குடுத்தா, நாளைக்கு இந்த ஊர்ல யாரும் யாருகிட்டயும் உண்மையைப் பேச மாட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். எனக்கு வேலையும் வேண்டாம். பேரைச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.”

குமரகுருபரனின் கை மேலேயே நின்றுவிட்டது. அதை இறக்குவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. ஒருவர் பேசுவதை அவர் கடைசிவரை கேட்டது அதுதான் முதல் தடவை. அனுபவம் புதிதாக இருந்தது.

“சரி, விடுங்க” என்றார் கடைசியில், கையைப் பைய இறக்கியபடி. “ஞாயித்துக்கிழமை வகுப்பு வேண்டாம். கிளமென்டையும் விட்டுருதேன். கையெழுத்தும் போடுதேன். ஆனா அந்த ஆளு என்னைக்காவது என் கண்ணுல ஆப்புடாமலா போவும்?”

போட்டே விட்டார். அறிக்கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகச் சித்ரலேகா பைக்குள் வைத்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உள்ளே அவருடைய போன் அடித்தது. குமரகுருபரன் எழுந்து போனார். போன வேகத்திலேயே, “நான் சொல்லுததை மொதல்ல கேளும் வே!” என்று அறைக்குள்ளிருந்து அவர் சத்தம் வந்தது.

காபி டம்ளரை எடுக்கக் குனிந்த அனுராதா, எடுக்காமல் சித்ரலேகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ நல்லா இருப்பம்மா. பேரையும் மாத்தி, நம்பரையும் மாத்தி, என்னையக் காப்பாத்திட்ட” என்றார், மெல்லிய குரலில்.

“உங்களையா?”

“நீ போன் போட்ட அன்னைக்கு அன்னத்தாய் அவ வீட்டுப் பூவைக் குடுக்க இங்க வந்தா, வந்த இடத்துல போனை மறந்து வச்சிட்டுப் போயிட்டா. அடிச்சுதுன்னு எடுத்தேன். ‘பேரு சொல்ல வேண்டாம், சார் உங்களைப் பேச விடுதாரா?’ன்னு கேட்ட. கல்யாணமாகி இத்தன வருசத்துல அதை எங்கிட்ட கேட்ட மொத ஆளு நீதாம்மா!”