பத்து மணிப் பாம்பு

பத்து மணிக்கு வருவதாக இருந்த பாம்பு பத்தேகால் ஆகியும் வரவில்லை.

விக்னேஷ்வரன் மகாராஜபுரத்தில், ஓய்வுபெற்ற சுபேதார் தங்கப்பாண்டியனின் வீட்டு முற்றத்தில், தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"தம்பிக்கு ஏதும் அவசர சோலியா?" என்றார் சுபேதார்.

"இல்லீங்க ஐயா. சும்மா."

"உள்ள ஒரே புழுக்கம். அதான் இங்கனயே ஒக்காரச் சொன்னேன்."

விக்னேஷ்வரனுக்குப் புழுக்கம் எல்லாம் பெரிய விஷயமில்லை. பெண் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். வயது முப்பத்திரண்டு. ஊசி போடும் படத்தைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வருகிற ஆள், ஊரில் உள்ள காயத்துக்கெல்லாம் துணி தயாரித்துக்கொண்டிருந்தான். போன ஆவணியில் மடவார் வளாகத்தில் நடந்த ஒரு காதுகுத்தில், ஆசாரி ஊசியை எடுத்ததும் இவன் மயங்கிச் சரிந்துவிட்டான். குழந்தைகூட அழவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிய பெண் அடக்க முடியாமல் சிரித்தாள். அவள்தான் நாகஜோதி. கண்ணைத் திறந்தவனுக்கு அன்றிலிருந்து வேறு பெண்ணின் போட்டோவே கண்ணில் படவில்லை.

விசாரித்தபோதுதான் அவள் எப்படிப்பட்ட வீட்டுப் பெண் என்று தெரிந்தது. அப்பா இருபத்தெட்டு வருடம் பட்டாளம். பெரியப்பா போலீஸ். சித்தப்பா எல்லைக் காவல். ஏற்கனவே பெண் கேட்டு வந்த ஒருவனை, தெருநாய் குரைத்ததற்கு ஓரமாக ஒதுங்கி நடந்தான் என்பதற்காகத் திருப்பி அனுப்பியிருந்தார் சுபேதார். அந்த ஆள் வாசல் வரைகூட வரவில்லை, தெருமுனையிலேயே கதை முடிந்துவிட்டது.

அப்படிப்பட்டவர், தரகர் மூலம் பெண் கேட்டிருந்த இவனுக்குப் போன வியாழக்கிழமை தானாகவே போன் செய்தார். ஜாதகம், சம்பளம் ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, பாம்புன்னா பயமா உங்களுக்கு?"

தோட்டத்தில் கிடக்கும் தண்ணீர்க் குழாயைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவன் விக்னேஷ்வரன். ஆனால் வாய் தன் போக்கில் பேசியது.

"பாம்பா? அதெல்லாம் சின்ன வயசுலருந்து பிடிச்சு வெளையாடுறதுதான் ஐயா."

"அப்ப ஞாயித்துக்கெழம காலைல வாங்க. தனியா வாங்க. பெரியவுகள பொறவு பாத்துக்கிடலாம்."

இது பரீட்சை என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பரீட்சை என்றால் வினாத்தாளையும் நாமே தயாரித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்து, ராஜபாளையத்தில் பாம்பு பிடிக்கும் வேல்பாண்டியைப் போய்ப் பார்த்தான். வீடுகளில், மில்களில் புகுந்த பாம்புகளைப் பிடித்து மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடுகிறவன் அவன்.

"ஒரு சாரை இருக்கு அண்ணே. ஞாயித்துக்கெழம மலைக்குக் கொண்டுபோகணும். போற வழியில அவிய வீட்டுப் பின்னால தண்ணி போற ஓட்டை வழியா சமையக்கட்டுக்குள்ள விடுதேன். நீங்க பிடிச்ச மாதிரி பிடிச்சு எங்கிட்ட குடுத்துருங்க."

"கடிக்குமா?"

"கடிக்கும். ஆனா வெசம் கெடையாது."

"கடிக்காத பாம்பு இல்லையா?"

"இருக்கு. ஆடிப்பூரத் தேர்க்கடையில ரப்பர்ல விப்பாங்க."

மூன்று நாள் ராத்திரி பகலாக விக்னேஷ்வரன் செல்போனில் பாம்பைப் பற்றியே பார்த்தான். கம்பெனியில் பேண்டேஜ் சுருளைப் பார்த்தாலும் வால் எங்கே, தலை எங்கே என்று தேடினான். ஆக, ஆள் தயார், வீடு தயார். பாம்புதான் பாக்கி.

"தம்பி, பாம்புக்குப் பால் வச்சா வருமா?" என்று கேட்டாள் சுபேதாரின் மனைவி மாரிக்கனி. பெண் பார்க்க வந்தவனிடம் எந்த ஊர்ப் பெண்ணின் அம்மாவும் கேட்காத கேள்விதான். படித்து வைத்திருந்தவன் அதை யோசிக்கவில்லை.

"வராதும்மா. பாம்பு பால் குடிக்காது. எலி, தவளைதான்."

"அப்ப வைக்கிற பாலெல்லாம் யாரு குடிக்கா?"

"பூனையா இருக்கும்."

மாரிக்கனி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இருமினார்.

"வெள்ளப்பூண்டு நசுக்கிப் போட்டா ஓடிருமாமே?" என்றார் சுபேதார்.

"ரசத்துக்குத்தான் ஆகும் ஐயா."

"சிறியாநங்கைச் செடி?"

"அதுக்குப் பக்கத்துலயே பாம்பு படுத்திருந்ததை வீடியோவுல பாத்தேன்."

"அடிச்சுட்டா, அதோட ஜோடி பழி வாங்க வருமா?"

"நம்ம மூஞ்சியை ஞாபகம் வச்சிக்கிடுற அளவுக்கு அதுக்கு மூளை கெடையாது. அதும்பாட்டுக்குப் போயிரும்."

சுபேதார் பெருமூச்சு விட்டார். ஆள் நம்மை மெச்சுகிறார் என்று விக்னேஷ்வரன் எடுத்துக்கொண்டான். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு நான்கு டம்ளர் காபியோடு வந்தாள். அக்கம்பக்கத்தோடு என்ன ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று அவனுக்கு நெகிழ்ச்சியாகப் போய்விட்டது.

நாகஜோதி டம்ளரை எடுத்து நீட்டினாள். மஞ்சள் சேலை, காதில் சின்ன ஜிமிக்கி. குனிந்தவள் உதடு அசையாமல் சொன்னாள்.

"என்ன சத்தம் கேட்டாலும் உள்ள போயிராதீங்க."

விக்னேஷ்வரன் உருகிவிட்டான். இன்னும் தாலி கட்டவில்லை, அதற்குள் இவ்வளவு அக்கறை. இவளுக்காக ஒரு சாரை என்ன, ஒரு சாக்கு சாரையைப் பிடிக்கலாம் என்று தோன்றியது.

அப்போது வீட்டுக்குள் எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்து உருண்டது.

சுபேதாரின் இரண்டு கால்களும் நாற்காலிக்கு மேல் ஏறிக்கொண்டன. பட்டாளத்தில் அப்படி ஒரு பயிற்சி இருக்கும்போல என்று விக்னேஷ்வரன் நினைத்தான்.

"சமையக்கட்டுலதான்," என்றாள் மாரிக்கனி.

வந்துட்டான்யா வேல்பாண்டி. விக்னேஷ்வரன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"பாம்பு மாதிரித் தெரியுது. யாரும் பயப்படாதீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"நாங்களும் அதைத்தான் தம்பி சொல்லலாம்னு இருந்தோம்," என்றார் சுபேதார்.

அவன் சமையலறைக்குள் காலை வைத்ததும் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

"ஐயா, எதுக்கு வெளிய தாப்பாள்?"

"அது வெளிய வந்துரக் கூடாதுல்ல." முற்றத்துப் பக்கமிருந்த ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே சுபேதாரின் மீசை தெரிந்தது. அதற்குப் பின்னால் மாரிக்கனி, அதற்கும் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நாகஜோதி.

கிரைண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு வால் நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம். வேல்பாண்டி சொன்ன அதே நிறம். முன்பாதி டிரம்முக்குப் பின்னால் மறைந்திருந்தது. விக்னேஷ்வரன் குலசாமியை நினைத்து, கண்ணை மூடி, வாலைப் பிடித்துவிட்டான். குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தபோது அவனுக்கே அவன்மேல் மரியாதை வந்திருந்தது.

"என்ன பாம்பு தம்பி?" ஜன்னலிலிருந்து குரல்.

"சாரைதான் ஐயா. பாவப்பட்ட ஜென்மம்."

"படம் எடுக்காதா அது?" என்றாள் மாரிக்கனி.

"சாரை படம் எடுக்காதும்மா. படம் எடுத்தா அது நாகம்." வாலை ஆட்டி ஆட்டி விளக்கினான். "நாம பயப்படுறதைவிட அதுதான் நம்மளப் பாத்துப் பயப்படுது. எம்புட்டு அமைதியா இருக்கு பாருங்க. வால இழுத்தாக்கூட கோவப்படல." சொன்னதோடு நிற்காமல் இரண்டு தடவை இழுத்தும் காட்டினான்.

"இருபத்தெட்டு வருச சர்வீஸ்ல இப்படி ஒரு ஆம்பளையப் பாத்ததில்ல," என்றார் சுபேதார். "பொண்ணு உங்களுக்குத்தான் தம்பி. ஐப்பசியிலயே வச்சிக்கிடுவோம்."

விக்னேஷ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையில் வாலோடு மறு கையால் எடுத்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க," என்றான் வேல்பாண்டி. "கிருஷ்ணன்கோவில்ல வண்டி பஞ்சர். சாக்கு நெளியுறதப் பாத்துட்டு பஞ்சர் கடைக்காரன் கிட்ட வர மாட்டேங்கான். செத்த நேரம் பொறுங்க, வாரேன்."

"சாக்குல என்ன?"

"என்னண்ணே கேக்கீங்க? நம்ம சாரைதான்."

விக்னேஷ்வரன் தன் கையைப் பார்த்தான். பிறகு டிரம்மைப் பார்த்தான். டிரம்முக்குப் பின்னாலிருந்து, யார் இப்படி இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று விசாரிக்க ஒரு தலை மெதுவாக எழுந்து வந்தது. வந்த தலை இரண்டு பக்கமும் அகலமாக விரிந்தது.

"வேல்பாண்டி," என்றான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில். "சாரை படம் எடுக்குமா?"

"எடுக்காது. ஏன்?"

"சும்மா கேட்டேன். நாகத்தோட வாலை ஒருத்தர் பிடிச்சிருந்தா என்ன செய்யணும்?"

"யாரு பிடிச்சிருக்கா?"

"ஒரு பிரண்டு."

"அவிய வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"ஏலே, உயிரோட இருக்கான்லே."

"அப்ப மெதுவா வாலை விடச் சொல்லுங்க. ஆடாம அசையாம நிக்கச் சொல்லுங்க. பக்கத்துல குடம் ஏதும் இருந்தா படுக்கப் போடணும். இருட்டைக் கண்டா அதுவா உள்ள போயிரும்."

"என்ன தம்பி, யாரு போன்ல?" என்றார் சுபேதார்.

"கம்பெனியிலருந்து ஐயா. ஸ்டாக் கேக்காங்க."

அவன் வாலை விட்டான். பக்கத்திலிருந்த காலிக் குடத்தைக் காலால் சாய்த்தான். அப்புறம் நின்றான். சிலை நிற்குமே, அப்படி. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து அங்கேயே தொங்கியது. பாம்பு அவனைப் பார்த்தது, அவன் பாம்பைப் பார்த்தான். காதுகுத்தில் ஊசிக்கே மயங்கியவன் இப்போது மயங்கவில்லை. மயங்கினால் அதன்மேல்தான் விழ வேண்டும், இடமே இல்லை. கால் மணி நேரம் கழித்து பாம்புக்கே அலுத்துப்போய், படத்தைச் சுருக்கிக்கொண்டு, குடத்துக்குள் நுழைந்தது. விக்னேஷ்வரன் குடத்தின் வாயில் தாம்பாளத்தை வைத்து நிமிர்த்தி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, சமையல் மேடைமீது ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"கதவத் திறங்க."

"மூடியாச்சா?" என்றார் சுபேதார்.

"ஆச்சு."

"மேல கனமா ஏதும் வச்சீங்களா?"

"குழவிய வச்சிருக்கேன். கதவத் திறங்க ஐயா."

"அதுமேல கிரைண்டர் கல்லையும் வச்சிருங்களேன்."

வைத்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு சுபேதார் விடவே இல்லை. மாரிக்கனி திருநீறு பூசினாள். நாகஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்தும் இருந்தன. அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நிமிடம் அதுவரை வந்ததில்லை. அது ஒரு நிமிடம்தான் இருந்தது.

"அண்ணே, கொண்டாந்துட்டேன்," என்றபடி சாக்கோடு கேட்டுக்குள் நுழைந்தான் வேல்பாண்டி. "பஞ்சர் பாக்கல, ஆட்டோவுல வந்தேன். பின்னால எந்த ஓட்டை வழியா விடணும்னு காட்டுங்க."

முற்றத்தில் எல்லோரும் சாக்கையே பார்த்தார்கள். சாக்கு நெளிந்தது.

சுபேதாருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. விக்னேஷ்வரனின் கையை உதறினார். மீசை துடித்தது.

"ஆளு செட் பண்ணி, என் வீட்டுக்குள்ள பாம்ப விட்டு, அத நீயே பிடிச்சு, என்கிட்ட வீரன்னு பேரு வாங்கப் பாத்தியா?"

"அப்பா, அவரு பிடிச்சது நெசமான நாகத்தத்தான," என்றாள் நாகஜோதி.

"தெரியாம பிடிச்சான். தெரிஞ்சு பிடிச்சாத்தான் வீரம். தெரியாம பிடிச்சா அது விபத்து."

விக்னேஷ்வரன் தலையைத் தொங்கப்போட்டான். "தப்புதான் ஐயா. உங்க பொண்ண எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வேற வழி தெரியல. எனக்குப் பாம்புன்னா உசுரே நடுங்கும்."

"நடுங்குறவனுக்கு இந்த வீட்டுல பொண்ணு கெடையாது." சுபேதார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலைக் காட்டினார். "எங்க பரம்பரையில ஒருத்தன், பாம்பக் கண்டு ஒரு அடி பின்னால வச்சான்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம். கெளம்புங்க."

விக்னேஷ்வரன் செருப்பைத் தேடினான். நாகஜோதி சத்தமில்லாமல் அழுதாள். வேல்பாண்டி சாக்கை இறுக்கிக் கட்டினான்.

கேட்டைத் திறந்துகொண்டு பெத்தம்மாள் வந்தாள். இடுப்பில் சுருட்டிய பாய், தோளில் போர்வை, இரண்டு கையிலும் தலையணைகள். எல்லாவற்றையும் சுபேதாரின் காலடியில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாம்பு பிடிபட்டுருச்சாம்ல சுபேதாரண்ணே, இனி ராத்திரி உங்க வீட்டுலயே படுத்துக்கிடுங்க; பொண்ணு பாக்க எவனாவது வந்து பிடிக்கட்டும்னு அஞ்சு நாளா எங்க வீட்டுக் கட்டில விட்டுக் கால எறக்காம கெடந்தீங்களே, இம்புட்டு சீக்கிரம் ஒரு ஆம்பள கெடைப்பான்னு நான் நெனைக்கவே இல்ல."