கப்பி ரோட்டு வண்டியும் தாய்மாமன் மடியும்

அறந்தாங்கி,
ஞாயிற்றுக்கிழமை.

மஸ்கட்டில் சீரோடும் சிறப்போடும் ஏசியோடும் வாழ்ந்து வருகிற மாப்பிள்ளை செம்மல் அவர்களுக்கு, உங்கள் மனைவி சுகுணாவின் கூடப்பிறந்த அண்ணன் ஆத்மநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் சம்சாரம் திலகவதி நலம், உங்கள் தாயார் ராசாத்தி அத்தை நலம், எங்கள் கறவை மாடு சினையாக இருக்கிறது, அதுவும் நலம். உங்கள் வண்டி மட்டும் நலமில்லை. தங்கையும் என் மருமகள் அன்புமொழியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஆவுடையார்கோயில் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். வாட்சப்பில் எழுதினால் நீங்கள் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறீர்கள். போன் போட்டால் "மச்சான், மீட்டிங்ல இருக்கேன்" என்கிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து நாளை மஸ்கட் கிளம்புகிற கீழத்தெரு அறிவுச்செல்வன் கையில் இதைக் கொடுக்கிறேன். நீங்கள் கடைசி வரி வரை படிக்கிறீர்களா என்று பக்கத்திலேயே நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சென்னையில் ஏதோ ஒரு தூதரகம் கழித்துப்போட்ட பழைய ஜப்பான் வண்டியை, நான்கு சக்கரமும் இழுக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஏலத்தில் எடுத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வாசலில் கொண்டுவந்து இறக்கினீர்கள். பிறகு வந்தது உங்கள் குரல் செய்தி. "மச்சான், நம்ம அய்யனார் கோயில் கப்பி ரோட்டுக்குத் தோதா வண்டிய ரெடி பண்ணி வச்சிருங்க. நீங்கதான் காலம் பூரா பஸ்லயே இருந்தவராச்சே." மாப்பிள்ளை, நான் பஸ்ஸில் இருந்தது கண்டக்டராக. விசில் ஊதினால் வண்டி போகும், இன்னொரு தரம் ஊதினால் நிற்கும். நான் கற்ற மோட்டார் வித்தை அவ்வளவுதான். அதையும் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது செய்தியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "வண்டி ரெடியாகலன்னா கோயில் வேணாம் மச்சான். புதுக்கோட்டைல ஏசி மண்டபமாப் பாத்துக் காது குத்திருவோம். எங்க மேனேஜர் வர்றாரு, பாப்பாவ அவரு மடியில ஒக்கார வச்சுட்டா அவருக்கும் ஒரு மரியாதையா இருக்கும்." எந்த ஊரில் மாப்பிள்ளை மேனேஜர் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறார்கள்? கோயிலாக இருந்தால் பங்காளிகள் கேள்வி கேட்பார்கள், மண்டபத்தில் யார் கேட்கப்போகிறார்கள் என்பதுதானே உங்கள் கணக்கு? எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் மருமகளை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்காக எடுத்த பட்டுப்பாவாடையைத் திலகவதி அடிக்கடி பீரோவிலிருந்து எடுத்து உதறி, மறுபடி மடித்து வைக்கிறாள். ஆசாரி ஊசியை எடுக்கும்போது பிள்ளை என் மடியில் வீரிட்டு அழும், நான் அதன் கண்ணைத் துடைத்துவிடுவேன் என்று இரண்டு பேரும் எத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதைக் கொண்டுபோய் ஒரு ஓட்டை வண்டியின் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டீர்களே, என் வயிறு எரியாதா?

எரிந்த வயிற்றோடுதான் வேலையை ஆரம்பித்தேன். வல்லத்திராக்கோட்டை டிராக்டர் மெக்கானிக் நிலவழகனை அழைத்து வந்தேன். நீங்கள் சொன்னபடியே பெரிய ஸ்பிரிங் போட்டு வண்டியை உயரத் தூக்கிக் கட்டினோம், இப்போது ராசாத்தி அத்தை அதில் ஏறவேண்டுமானால் முதலில் முக்காலி வேண்டும், பிறகு நான் வேண்டும். கல் அடிக்காமல் இருக்க அடியில் இரும்புத் தகடு வைக்கச் சொன்னீர்கள், வைத்தோம், வண்டி வருகிற சத்தம் கேட்டு இலுப்பூர் வரை ஆட்கள் விழித்துக்கொள்வார்கள். கப்பி ரோட்டில் டயர் கிழியாமல் இருக்கக் காற்றைக் குறைத்து வைக்கச் சொன்னீர்கள். அதுதான் இந்த ஊரில் நடக்காத காரியமாக இருக்கிறது. கடைவீதியில் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் எவனாவது ஒரு புண்ணியவான், "அண்ணே, நாலு டயர்லயும் காத்து கொறைஞ்சு கெடந்துச்சு, அடிச்சு விட்டுட்டேன், காசெல்லாம் வேணாம்" என்கிறான். நான் இறக்குவேன், ஊர் ஏற்றும். இது போதாதென்று, வெளிநாட்டுத் தூதரக வண்டி என்பதால் ஸ்டீயரிங் இடது பக்கம். நிலவழகன் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்ட, நான் வலது பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு போனால், எதிரே வருகிறவர்களுக்கு நான்தான் டிரைவர். போலீஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்து, "ரெண்டு கையையும் விட்டுட்டுக் கடலையா திங்கிறீரு?" என்று என் லைசென்ஸைக் கேட்டார். நான் கீழே இறங்கின பிறகும் வண்டி தானாக நகர்ந்ததைப் பார்த்துத்தான் அவர் என்னை விட்டார்.

வண்டியின் பக்கவாட்டில் கூரை வரை ஏறி நிற்கிறதே ஒரு கறுப்புக் குழாய், அதைப் பற்றித் தெருவே கேட்டது. சமையல் புகை போவதற்கா என்றார்கள். நிலவழகன், "இஞ்சின் மூச்சு இழுக்குறது அது வழியாத்தான். ஆத்துல எறங்கி முழுகுற அளவுக்குத் தண்ணி வந்தாலும் வண்டி நிக்காது" என்று விளக்கினான். வெள்ளாற்றில் முழங்கால் நனையத் தண்ணீர் பார்த்து எத்தனை காலமாயிற்று மாப்பிள்ளை, அதில் முழுகுவதற்கு ஒரு குழாயா!

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும், அதுவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. நாளைக்குக் கோயில் வரை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று இருந்தபோது, ராசாத்தி அத்தை மஞ்சள் துணியில் எலுமிச்சம்பழம், கல் உப்பு, மிளகாய் வற்றல், படிகாரம் எல்லாம் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். "ஊருக் கண்ணு ஒசரத்துலதான் படும், ஒசரத்துலதான் கட்டணும்" என்றார்கள். வீடியோ காலில் நீங்களும் "ஆமாம்மா, நல்லா ஒசரமாக் கட்டு" என்றீர்கள். வண்டியிலேயே உயரமான இடத்தில் அத்தை கையாலேயே கட்டினார்கள், நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு செய்தும் அய்யனாருக்கு மனமிரங்கவில்லை. மறுநாள் கப்பி ரோட்டில் பாதி தூரம் போனதும் வண்டி இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, கருவேலங்காட்டு நடுவில் நின்றுவிட்டது. நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது ஒருவர் பழைய மொபெட்டில் முன்னால் ஒரு ஆடு, பின்னால் ஒரு ஆடு, நடுவில் சம்சாரம் என்று எங்களைத் தாண்டிப் போனார். ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

டிராக்டர் வைத்து இழுத்து வந்தோம். "இது பெரிய கண்ணு" என்று அத்தை முதல் துணிக்கு மேல் இன்னொரு துணி கட்டினார்கள். அடுத்த தரம் வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. மூன்றாவது துணி ஏறியது. நிலவழகன் டீசல் பம்பைப் பிரித்தான், டீசல் பீய்ச்சுகிற நாசிலைப் பிரித்தான், "காத்து பில்டரக் கழட்டிட்டு ஓட்டுனா பாட்டுப் பாடுதுண்ணே, திருப்பி மாட்டுனா சாகுது, எனக்கே ஒண்ணும் வெளங்கல" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தான். சென்னையிலிருந்து புதுப் பில்டர் வரவழைத்தோம், அதையும் மாட்டினதும் செத்தது. கடைசியில் அவனே குளித்து முழுகி, அவன் பங்குக்கு ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்து பயபக்தியோடு கட்டினான். அதோடு வண்டிக்கு முனகக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது. நேற்றைக்கு உங்கள் மூன்றாவது செய்தி. "விடுங்க மச்சான். மண்டபம் புக் பண்ணிட்டேன்." ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை உங்களுக்கு.

ஆகவே மாப்பிள்ளை, தாய்மாமன் என்கிற பொறுப்பிலிருந்து நானாகவே விலகிக்கொள்கிறேன். மண்டபத்துக்கு நாங்கள் வரமாட்டோம். பட்டுப்பாவாடையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேனேஜர் மடியில் உட்காரும்போது பிள்ளைக்குப் போட்டுவிடுங்கள், நன்றாக இருக்கும். வண்டியை நாளைக் காலையில் உங்கள் தாயார் வீட்டு வாசலுக்கு இழுத்துப்போய் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அதன் மேல் அவரைக்கொடி நன்றாகப் படரும். சுகுணாவிடம் அண்ணனுக்கு அவள் மேல் கோபமில்லை என்று சொல்லுங்கள். குழந்தை நூறு வயது, நோய்நொடி இல்லாமல், நல்ல காதோடு வாழட்டும். நீங்களும் நன்றாக இருங்கள், வேறு என்ன சொல்ல.

இப்படிக்கு,
முன்னாள் தாய்மாமன்,
ஆத்மநாதன்.

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து மறுபடி எழுதுகிறேன், இப்போது திங்கட்கிழமை காலை. வண்டியை இழுக்க நிலவழகன் கயிற்றோடு வந்தான். திலகவதிக்கு வந்ததே ஒரு ஆத்திரம். "மாமன் மொறையே இல்லைன்னு ஆயிப்போச்சு, இந்தப் பாடைக்குத் திருஷ்டி ஒரு கேடா?" என்று முக்காலியைப் போட்டு ஏறி, நான்கு மஞ்சள் துணியையும் ஒரே பிடியாகப் பிடுங்கி எறிந்தாள். கயிறு கட்டுவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் நிலவழகன் சாவியைத் திருப்பினான். வண்டி போட்ட சத்தத்தில் மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கறுப்புக் குழாயின் வாயை அண்ணாந்து பார்த்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீங்கள் "ஒசரமாக் கட்டு" என்று சொன்ன அந்த இடம்தான் மாப்பிள்ளை. உங்கள் வண்டியின் மூக்கைப் பொத்தி நான்கு சுற்றுச் சுற்றி வைத்திருந்தோம். சாமித் துணி என்று ஒருத்தரும் கை வைக்கவில்லை.

அப்படியே கிளம்பிக் கப்பி ரோட்டில் அய்யனார் கோயில் வரை ஏறிப் போய், மண் குதிரைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சூடம் காட்டித் திரும்பிவிட்டோம். எங்கேயும் ஒரு இருமல் இல்லை. அதனால் மேலே எழுதினது எதையும் படிக்கவேண்டாம், படித்திருந்தால் மறந்துவிடுங்கள். மண்டபத்தை ரத்து செய்யுங்கள். பட்டுப்பாவாடையை அனுப்பவில்லை, அது மறுபடி பீரோவுக்குள் போய்விட்டது. நீங்கள் இறங்குகிற அன்று திருச்சி விமான நிலையத்தில் நானும் திலகவதியும் வண்டியோடு நிற்போம். மேனேஜரைத் தாராளமாக அழைத்து வாருங்கள். அவருக்கு வலது பக்க முன் சீட்டைத் தருகிறேன், வேர்க்கடலையும் தருகிறேன். மடியைத் தரமாட்டேன்.

அந்த மஞ்சள் துணிகளில் ஒன்றை மட்டும் எடுத்து என் இடுப்பு வேட்டியில் முடிந்து வைத்திருக்கிறேன். பிள்ளைக்குக் காது குத்தி முடிகிற வரை அவிழ்க்கமாட்டேன். உங்கள் கண்தான் ரொம்பப் பொல்லாத கண்ணாக இருக்கிறது மாப்பிள்ளை.