சுவரொட்டிக்குப் புறப்பட்ட படலம்

உலகத்தீரே, வாய் மூடிச் செவி திறப்பீர்! பாகூர்க் கடைத்தெருவில் நாற்பதாண்டு பாத்திரக்கடை நடத்தி, அண்டாவைத் தட்டிய ஓசையிலேயே அதன் எடை சொன்ன அற்புதச் செவியினன். மூன்று தலைமுறைக் கல்யாணங்களுக்குக் குடமும் குத்துவிளக்கும் விலைக்கே ஈந்த எவர்சில்வர்ப் பெருவள்ளல். எழுபத்தெட்டு அகவையிலும் மீசைக்கு மட்டும் எண்ணெய் பூசும் ஏந்தல் தெய்வசிகாமணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்ட முயன்ற பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம்.

அவன் வேட்டது மண்ணன்று, பொன்னன்று, சுவரொட்டி. மதிலில் ஒட்டும் காகிதமென மயங்காதீர். ஆட்டின் வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதும், கருஞ்சிவந்த மேனியதும், மிளகிட்டு வதக்கினால் மூன்று வீடு தாண்டி மணப்பதுமான மண்ணீரல் அது. ஓராட்டுக்கு ஒன்றே. கறிக்கடை அன்புராஜ் ஞாயிறுதோறும் ஓராடே உரிப்பான். அவ்வொன்றை ஒன்பது மணிவரை தெய்வசிகாமணிக்கென வாழையிலையில் பொதிந்து வைப்பது பதினோராண்டு வழக்கம். ஆயின் சென்ற வாரம் ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்ந்த நாகராஜன் அதன்மேல் கண்வைத்துவிட்டான். அன்புராஜும் அறுதியிட்டு உரைத்துவிட்டான்:

"ஒம்போது வரைக்கும் வெப்பேன் பெரியவரே. அதுக்கு மேல நாகராஜண்ணன் கேட்டா நான் இன்னா பண்றது? ஆட்டுக்கு ரெண்டா இருக்குது?"

இனி எதிரியின் பெருமை கேண்மின். சென்ற சித்திரையில் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் சுருண்டு விழுந்த தந்தையைக் காக்க, மகள் நிவேதா பெங்களூரிலிருந்து அனுப்பிவைத்த பணிவிடை ரோபோ அது. இடுப்பளவு உயரம், வெண்ணிற மேனி, காலுக்குப் பதில் நான்கு சக்கரம், முகத்துக்குப் பதில் ஒரு திரை. கம்பெனி இட்ட பெயர் ஏதோ ஒன்று. இவன் இட்ட பெயர் டப்பா. மாத்திரை வேளை பிறழாது; திட்டினால் "நன்றி ஐயா" என்னும். ஓராண்டாய் அதனை அவன் வையாத நாளில்லை. மாலையில் தன் தோள்துண்டால் அதன் முதுகுத் தூசியைத் துடைக்காத நாளுமில்லை. ஒன்றில் மட்டும் இருவர்க்கும் தீராப் பகை. நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் அருந்துக என்று அது வேண்டும். "நான் இன்னா எருமமாடா?" என்று இவன் மறுப்பான்.

அன்று, மஞ்சள் பையைக் கக்கத்திலிடுக்கி, களம் புகும் களிறென அசைந்து வந்து, நிலைப்படியில் வலக்கால் வைத்தான் வீரன். பின்னிருந்து பிழையற்ற செந்தமிழில் எழுந்தது ஒரு குரல்: "ஐயா, எங்கே செல்கிறீர்கள்?"

இடி விழுந்த பனைபோல் நின்றான். புறப்படுகிறவனை எங்கே என்று கேட்கலாமா? கேட்டால் போகிற காரியம் விளங்குமா? திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்தல்லவா மறுபடி கிளம்ப வேண்டும்? முன்னொரு நாள் காலஞ்சென்ற மனைவி கமலவேணி வாய்தவறிக் கேட்டதைப் பொருட்படுத்தாது அவன் போக, கிருமாம்பாக்கம் வளைவில் அண்டா ஏற்றிய வண்டி குடைசாய்ந்து, பாத்திரமெல்லாம் கடலூர் ரோட்டில் உருண்ட கதை இன்றும் அவன் காதில் ஒலிக்கிறது. ஆகவே திரும்பினான், அமர்ந்தான், ஒரு குவளையை முழுதாய்க் கவிழ்த்தான். அரைக்குவளை குடித்தால் சகுனம் அரைகுறையாகத்தான் தீரும் என்பது அவன் கட்சி.

இரண்டாம் முறை எழுந்தான். இரண்டாம் முறை கேட்டது. இரண்டாம் குவளை வீழ்ந்தது. மூன்றாவது, தோட்டத்துக் கதவு வழியே கள்வனெனப் பதுங்கினான். அந்தப் படியில் சக்கரம் ஏறாது, குரல் ஏறிற்று. நான்காவது, முந்திக்கொண்டு தானே முழங்கினான், கறிக்கடைக்குப் போகிறேன் என்று. "எங்கே உள்ள கறிக்கடைக்கு ஐயா?" என்றது டப்பா. நான்காம் குவளையோடு மணி எட்டே முக்கால்.

இனிப் போர் உதவாது, உடன்படிக்கையே வழி எனத் தெளிந்த வீரன், அதன் திரையெதிரே குனிந்து ஆணையிட்டான். "இதோ பார்றா. எங்கன்னு கேக்கக் கூடாது. போயிட்டு வாங்கன்னு சொல்லணும். புரிஞ்சிச்சா?"

புரிந்தது என்றது. அவன் படி தாண்டினான், வாசல் தாண்டினான், வெளிக்கேட்டின் கொண்டியில் கை வைத்தான். "போய்விட்டு வாருங்கள் ஐயா" என்று மங்கலமாய் வாழ்த்திய டப்பா, மேலும் உறுதிகூறிற்று: "எங்கே என்று கேட்கமாட்டேன்."

அச்சொல் விழுந்துவிட்டது. கேட்டதா, கேட்காததா? கொண்டியைப் பிடித்தபடி ஆராய்ந்தான். அண்டாக்கள் மனத்தில் உருண்டன. திரும்பினான்.

ஐந்தாம் குவளை தொண்டையில் இறங்குகையில் கைப்பேசி அலறியது. மறுமுனையில் நிவேதா.

"அப்பா, காலைலயே அஞ்சு டம்ளர்னு காட்டுது. நெசமாவா? உங்களுக்கு எது வேல செய்யுதோ அத அதுவே பழகிக்கும்னு கம்பெனில சொன்னாங்க. நான்தான் நம்பல."

மெல்லத் தலை திருப்பினான். திரையில் ஐந்து குவளைப் படங்கள் நீலமாய் ஒளிர, அவற்றின் கீழே ஒரு புன்னகை மலர்ந்திருந்தது. அந்தோ! எங்கே என்றால் கிழவன் குடிப்பான் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. நாற்பதாண்டு கடையில் ஒருவனிடமும் ஏமாறாதவனை ஒரு டப்பா ஏமாற்றிற்று. "வந்து வெச்சிக்கிறேன்டா உன்ன" என்று சூளுரைத்துப் பாய்ந்தான். காலைக்கென வகுத்த ஐந்து குவளைக் கணக்கு நிறைந்துவிட்டபடியால் அது வாய் திறக்கவில்லை.

மணி எட்டு ஐம்பத்து நான்கு. கட்டறுத்த காளையெனத் தெரு கடந்தான், முனை திரும்பினான், அன்புராஜின் தராசு தொலைவில் வெயிலில் மின்னக் கண்டான். அந்நேரம், அடிவயிற்றுக் கோட்டையினுள் அடைபட்ட ஐந்து குவளைச் சேனையும் ஒருசேர முரசறைந்து கதவை முட்டிற்று. முன்னே சுவரொட்டி, பின்னே வீடு, நடுவே வேட்டி. மானமே பெரிதெனத் தேர்ந்த மாவீரன், முழங்கால்களை ஒட்டவைத்துக் குறுநடையிட்டு மீண்டான். அங்கே கழிவறை விளக்கைப் போட்டு, கதவையும் திறந்து வைத்து, ஓரமாய் ஒதுங்கி நின்றிருந்தது டப்பா.

வெளியே வந்தபோது மணி ஒன்பது பத்து. வாசலில் கறுப்புக் கேரி பேக்கை வெற்றிக்கொடியென ஆட்டியபடி நாகராஜன் போய்க்கொண்டிருந்தான். "இன்னா மாமா, கடைப்பக்கம் காணம்? ஒடம்புக்கு முடியலியா?"

வானத்தையும் வையத்தையும் டப்பாவையும் முறையே நோக்கி, மீசையைத் தடவி, நின்றான், நின்றான், நெடிது நின்றான் தெய்வசிகாமணி.

மதியம் முட்டைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்.