தங்கள் நீண்டநாள் வாசகர்

எழுத்தைக் கண்டுபிடித்தவர் பெரியவரா, அதைப் படிக்காமலே மதிப்பிடக் கற்றுக்கொண்டவர் பெரியவரா என்று ஒரு வழக்கு வந்தால், நியாயம் தெரிந்த எவரும் இரண்டாமவர் பக்கம்தான் நிற்பார்கள். எழுதுவது பெரிய காரியமா? கையிருந்தால் யாரும் எழுதிவிட்டுப் போகலாம். எழுத்து கண்ணெதிரே கிடக்கும்போது அதைப் படிக்காமல் இருப்பதற்குத்தான் மன அடக்கம் வேண்டும்.

அந்த அடக்கம் வாய்க்கப் பெற்றவர் நம் தராசு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் 'தராசு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். 'விருந்தினர் கட்டுரை' போடத் தகுந்த இணையதளங்களை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது அவர் உத்தியோகம். அதாவது, அடுத்தவர் தளத்துக்குப் போய் ஒரு கட்டுரையை வைத்துவிட்டு, அதன் நடுவில் நம் வாடிக்கையாளரின் கடைக்கு ஓர் இணைப்பைச் செருகிவிட்டு வருவது. வாடிக்கையாளரோ குழாய் அடைப்பு நீக்கும் திரவம் விற்பவர். ஆகவே 'மனக்கவலை தீர ஏழு வழிகள்' என்று கட்டுரை தொடங்கினால், ஏழாவது வழி சமையலறைத் தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதாக இருக்கும்.

ஒரு தளத்தைக் கையில் எடுத்தால் தராசு அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவார். தேடுபொறியில் அதற்குள்ள செல்வாக்கைச் சொல்லும் 'அதிகார மதிப்பெண்' என்ன, எத்தனை பேர் வருகிறார்கள், வந்தவர்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள், எல்லாம் விரல்நுனியில். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கமாட்டார். படித்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் மதிப்பெண் கோணிவிடும் என்பது அவர் கொள்கை.

ஒருநாள் மேலாளர் கண்ணாடி அறையில் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"வாடிக்கையாளர் கத்தறார். நாம கட்டுரை போட்ட தளங்கள்ல ஒரு மனுஷன்கூட இல்லையாம். எல்லாரும் நம்மள மாதிரி விருந்தாளிங்கதானாம். வீட்டுக்காரன்னு யாருமே இல்லையாம்."

"மதிப்பெண் நல்லாத்தானே சார் இருந்துச்சு?" என்றார் தராசு.

"அதைத்தான் நானும் சொன்னேன். அவர் பிடிவாதமா ஆளுங்க வேணும்கறார். மாசக் கடைசிக்குள்ள, நிஜமாவே யாராவது படிக்கிற தளம் ஒண்ணு வேணும். கிடைச்சா நீங்கதான் தலைமை மதிப்பீட்டாளர். கிடைக்கலைன்னா..." மேலாளர் தராசின் நாற்காலியை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

தராசு சோறு தண்ணி பார்க்காமல் தேடினார். கடைசியில் 'காத்திருப்பு அறை' என்றொரு தளம் அகப்பட்டது. அதிகார மதிப்பெண் சுமார்தான். ஆனால் வந்தவர்கள் கிளம்புவதாக இல்லை. கடைசி வரி வரை இறங்கிப் போகிறார்கள். போனவர்கள் மறுபடி மேலே வருகிறார்கள். கீழே குவிந்திருந்த கருத்துகளில் ஒருவர்கூடக் கடன் அட்டை விற்கவில்லை.

"கடைசி வரைக்கும் படிக்கிறாங்களா?" மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா சார்."

"எதுக்காம்?"

"தெரியல சார். கணக்கு காட்டற கருவியிலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு ரெண்டு தடவை சரிபார்த்தேன்."

"நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"ஐயையோ, என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க!"

மேலாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

உடனே கடிதம் பறந்தது. எல்லாருக்கும் போகும் அதே கடிதம்தான். கட்டுரைத் தலைப்பை மட்டும் கணினி தானாகவே பார்த்து நிரப்பிக்கொள்ளும். "அன்புடையீர், நான் தங்கள் நீண்டநாள் வாசகன். தங்கள் ஒவ்வொரு வரியும் என் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. குறிப்பாக, 'ஒரு வார்த்தை' என்ற கட்டுரையைப் படித்துக் கண்கலங்கினேன்." கடைசியில், தங்கள் தளத்தில் ஒரு விருந்தினர் கட்டுரைக்கு இடம் கேட்டு ஒரு வரி. கீழே தராசின் சொந்தப் பெயரும் பதவியும்.

அந்தத் தளத்தை நடத்துபவர் தராசின் மனைவி.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்களைப் பற்றி, "வலியெல்லாம் இல்லைங்க, சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று கண்ணில் நீரோடு சொல்கிறவர்களைப் பற்றி எழுதிவந்தாள். தொடங்கிய அன்றே கணவருக்கு இணைப்பை அனுப்பினாள். அவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். "ஒரு தடவை படிச்சுத்தான் பாருங்களேன்" என்று கேட்டபோதெல்லாம், "நாள் பூரா இதே பொழப்பு, வீட்லயுமா?" என்றார். நியாயம்தானே?

'ஒரு வார்த்தை'யில் என்ன இருந்தது? தராசைப் போலக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் படித்துவிட்டார்கள். மருத்துவமனை வெளியூரில் கிளை திறக்கிறது; அவளை நிர்வாகியாக வரச் சொல்கிறார்கள். "ஆசையாகவும் இருக்கிறது, தனியாகப் போகத் தயக்கமாகவும் இருக்கிறது. வீட்டுக்காரர் 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவேன். கேட்கத்தான் பயமாக இருக்கிறது" என்று முடித்திருந்தாள்.

அன்று மாலை தராசு செருப்பைக் கழற்றுவதற்குள் டீ வந்துவிட்டது. அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"என்னங்க, எப்பப் படிச்சீங்க? சொல்லவே இல்லையே!"

"எதை?"

"'ஒரு வார்த்தை'யைத்தான். கண்கலங்கினேன்னு எழுதியிருக்கீங்களே!"

தராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காத்திருப்பு அறை இவளுடையதா! அது ஊருக்கெல்லாம் போற கடிதம்மா என்று சொல்ல வாயெடுத்தார். தலைமை மதிப்பீட்டாளர் பதவி வந்து வாயைப் பொத்தியது.

"ஆமா, படிச்சேன். ரொம்ப நாளாவே படிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"எந்த இடம் பிடிச்சுது?"

"எல்லா இடமும்தான். ஒவ்வொரு வரியும் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டுடுச்சு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப... கடைசியில எழுதியிருந்தேனே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

விஷயம் என்னவென்று தெரியாதபோது உற்சாகமாக ஆமோதித்துவிட வேண்டும் என்பது அலுவலகப் பயிற்சி.

"தாராளமா செய்! இதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமா? என் முழு ஆதரவு உண்டு."

"நிஜமாவா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"சேச்சே! நல்ல காரியத்தைத் தள்ளிப் போடாதே."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலியை மறைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். இவர் எதையும் மறைக்கவில்லை. இவருக்கு நிஜமாகவே வலிக்கவில்லை.

"சரி. உங்க கட்டுரையை அனுப்புங்க, போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாவம், அவ்வளவு ஆசையாகப் போட்ட டீ.

மாதக் கடைசியில் ஒருநாள் காலை, கூடத்தில் இரண்டு பெட்டிகள் நின்றன. "ஊருக்கா?" என்றார் தராசு, கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல். "ஆமா" என்றாள். "பாத்துப் போ" என்று அக்கறையோடு சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார். அன்றுதான் பாராட்டுக் கூட்டம்.

கண்ணாடி அறையில் கைதட்டல் பொழிந்தது. குழாய் அடைப்பு நீக்கும் திரவம் 'காத்திருப்பு அறை'க்குள் நுழைந்துவிட்டது. வாடிக்கையாளருக்குத் தலைகால் புரியவில்லை. மேலாளர் தராசுக்கு மாலை போடாத குறைதான். அந்த நேரம் பார்த்துத் திரையில் அந்தத் தளத்தின் வருகையைக் காட்டிய கோடு விர்ரென்று மேலே ஏறியது.

"என்னய்யா இது, இவ்வளவு கூட்டம்?" என்றார் மேலாளர்.

"இன்னிக்குக் காலையில புதுசா ஒரு கட்டுரை வந்திருக்கு சார். யாரையோ வழியனுப்பறாங்க போல. 'நல்லபடியா போங்க, தைரியமா இருங்க'ன்னு கருத்து வந்து கொட்டுது. ஸ்டேஷனுக்கே வர்றோம்னுகூடச் சில பேர் எழுதியிருக்காங்க."

"யாரை வழியனுப்பறாங்களாம்?"

"அதெல்லாம் நாம பாக்கறதில்லையே சார்" என்றார் தராசு.

சபை எழுந்து நின்று கைதட்டியது. தலைமை மதிப்பீட்டாளர் தராசு அடக்கத்தோடு கைகூப்பிவிட்டு, மறுபடி திரையின் பக்கம் திரும்பினார். தம் மனைவியை வழியனுப்ப வந்த அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் எண்ணி முடித்தார். எண்ணிக்கையில் ஒரு பிழை சொல்ல முடியாது. வராமல் போன ஒரே ஆள், எண்ணிக்கொண்டிருந்தவர்தான்.