கொன்றை நகருக்கு பஸ் வந்த விதம்

திருவானைக்காவலை அடுத்த எங்கள் கொன்றை நகரில் வீட்டுக்கு ஒரு கார் உண்டு. பஸ் கிடையாது. பஸ் தேவைப்பட்ட ஒரே ஆள் என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த மகாலட்சுமி. மன்னார்புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை.

"மெயின் ரோடு வரைக்கும் நடந்து பஸ் பிடிக்கிறதுக்குள்ள லேட்டாயிடுது சார். இனிமே லேட்டா வந்தா வேலையே இல்லைன்னுட்டாங்க" என்று ஒருநாள் அழுதேவிட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் என்ன சாதாரண ஆளா? குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்! 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஆரம்பித்து ஒரு மனு எழுதிக்கொண்டு போக்குவரத்து அதிகாரி பீமராவிடம் போனேன்.

"உங்க நகர்ல யாரும் பஸ்ஸுக்கு நிக்கலையே?" என்றார்.

"பஸ்ஸே வரலையே சார், எதுக்கு நிப்பாங்க?"

"நிக்காத ஜனத்துக்கு எப்படிங்க பஸ் விடுறது?"

நியாயம்தானே! சங்கம் அவசரமாகக் கூடி, எல்லோரும் போய் நிற்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஸ்டாப் இல்லாத ஊரில் எங்கே நிற்பது? என் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும் என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னேன்.

மறுநாள் காலை எண்பத்தேழு பேர் காரில் வந்து இறங்கி நின்றார்கள்.

"கார் இப்படி அடைச்சுக்கிட்டு நின்னா பஸ் எப்படிங்க உள்ள வரும்?" என்று தலை எண்ண வந்த பீமராவ் திரும்பிப் போய்விட்டார். அதற்கடுத்த நாள் கார்களை அடுத்த தெருவில் ஒளித்துவிட்டு நடந்து வந்தோம்.

"அடியேனையும் எண்ணிக்கோங்கோ" என்று எதிர் வீட்டு யதிராஜன் சுவாமி மூச்சு வாங்க முன்னால் வந்தார். பாவம், அவர் நடந்தே பல வருஷம் ஆகிறது.

பீமராவ் படிவத்தை நீட்டி, "மாமி, எங்க போகணும்?" என்று அடுத்து நின்ற மூன்றாவது வீட்டு சத்யபாமாவைக் கேட்டார்.

"எங்கேயும் போக வேண்டாம். நிக்கத்தான் வந்திருக்கேன்."

'சேருமிடம்: இதே இடம்' என்று எழுதிக்கொண்டார் அதிகாரி. கணக்கில் வராத ஒரே ஆள் மகாலட்சுமி. அவள்தான் மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டாளே!

அடுத்த மாதமே பஸ் வந்துவிட்டது. மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு எல்லோரும் அவரவர் காரில் ஏறிப் போனார்கள். பஸ்ஸில் ஏறியது மகாலட்சுமி ஒருத்திதான். அன்றைக்கு நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"எல்லாம் உங்க புண்ணியம் சார்" என்று சாயங்காலம் இனிப்பு வாங்கி வந்து கொடுத்தாள்.

அதற்குள் புரோக்கர்கள் வர ஆரம்பித்தார்கள். நகரின் பெயர் 'கொன்றை அவென்யூ' ஆயிற்று. பெட்டிக்கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காபி கடை வந்தது. எல்லா வீட்டிலும் வாடகை ஏறியது. நான் மட்டும் இளிச்சவாயனா?

"அம்மா, வாசல்லயே பஸ் வந்து நிக்கிற வீடும்மா இது. பழைய வாடகைக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?" என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். தங்கமான பொண்ணு, உடனே புரிந்துகொண்டாள். ஜீயபுரம் பக்கம் வாழைத்தோப்பெல்லாம் தாண்டி ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் பஸ் இப்போது காலியாக வந்து காலியாகப் போகிறது.

நேற்று போன் பண்ணினாள். "சார், இங்க பஸ்ஸே வரலை. மறுபடியும் தினம் லேட். இந்த மாசத்தோட வேலை போயிடும் போலிருக்கு. நீங்கதான் ஒரு மனு எழுதித் தரணும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே கிளம்பிப் போய் இடத்தைப் பார்த்தேன். மனு தயார். பஸ் ஸ்டாப் எங்கே வரவேண்டும் என்பதையும் தெளிவாகக் குறித்திருக்கிறேன். அதற்கு எதிரில் ஒரு மனைக்கு இன்று காலைதான் அட்வான்ஸ் கொடுத்தேன்.