ரைகருக்கு ஒரு வாய், ராணிக்கு ஒரு வாய்

பாசமாய்ப் போட்ட சோறு எந்தப் பிடியிலிருந்து கேடாக மாறுகிறது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. இத்தனைக்கும் நான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சுகாதாரப் பாடத்தில் பரிசுகூட வாங்கியவள். (பரிசு ஒரு சவர்க்காரப் பெட்டி. நாய் வளர்க்க அது உதவவில்லை.)

உலக யுத்தம் நடந்த காலம். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தோம். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கரான என் கணவர், நான், நடை பழகி முடித்த மகள் ராணி, எங்கள் நாய் ரைகர். பெயரில் மட்டும் புலி.

ராணி சாப்பிடமாட்டாள். பிள்ளை மெலிந்தால் ஊர் தாயைத்தான் பார்க்கும் என்ற பயம் எனக்கு. பின்வாசற்படியில் அவளை இருத்தி, "ரைகருக்கு ஒரு வாய், ராணிக்கு ஒரு வாய்" என்று ஊட்டுவேன். நாய் ஓர் உருண்டையை விழுங்கினால்தான் அவள் வாய் திறக்கும். தூரத்தில் ரயில் தண்டவாளம் தெரியும். "அங்க பார், கோச்சி!" என்று கையை நீட்டுவேன். (எனக்கும் கோச்சி பார்க்கப் பிடிக்கும்.) திரும்பிப் பார்த்தால் பிள்ளையின் வாய் காலியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தட்டும் காலி. என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

ஆனால் ராணி மெலிந்துகொண்டே போனாள். ரைகருக்கோ முதலில் கழுத்து காணாமற்போனது, பிறகு இடுப்பு. முன்பெல்லாம் கோச்சியோடு போட்டிக்கு ஓடிய நாய், பிறகு படுத்தபடியே ஒருமுறை குரைத்துக் கடமையை முடித்துக்கொண்டது. நான் பார்க்காமல் இல்லை. "நல்ல சாதி நாய், அதுதான் இப்படி" என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்கு மாந்தம் என்று மருந்து கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மட நாய் குட்டி போடப்போகுதோ?"

"அது ஆண் நாய், அக்கா."

"அப்ப இன்னும் மோசம்! எங்கட வீட்டில மனுசருக்கே அரிசி காணாம மரவள்ளிக்கிழங்கு அவிக்கிறம். உம்மட நாய்க்கு எங்காலயப்பா சோறு?"

நான் சிரித்துச் சமாளித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அடுத்து வந்த சனிக்கிழமை மத்தியானம், என் கணவர் அரைநாள் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் ஓர் உணவுக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டரும் பியோனும் நின்றார்கள்.

"இந்த வீட்டில அரிசி பதுக்கி வைச்சிருக்கிறதாகக் கேள்வி."

"ஆர் சொன்னது, ஐயா?" அவருடைய குரல் நூலாகிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தன் வீட்டில் பதுக்கல் என்றால் உத்தியோகம் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் ரைகரைச் சுட்டிக் காட்டினார். "அதுதான் சாட்சி."

சாட்சி வாலை ஆட்டியது. எழும்பப் பார்த்தது, பிறகு யோசனையை மாற்றிக்கொண்டது.

அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். பிள்ளையின் மெத்தையைக் குத்திப் பார்த்தார்கள். என் கூறைச்சேலையை உதறியபோது விழுந்த பாச்சை உருண்டையைப் பியோன் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினார். களஞ்சிய அறை வாசலில் ரைகர் படுத்திருந்தது. இரண்டு ஆண்களும் சேர்ந்து அதை இழுத்து நகர்த்தினார்கள். அந்த இரண்டு முழ இழுவைக்கே அதன் நாக்கு நீலம் பாய்ந்து, மூச்சு விசில் அடித்தது. நாயைப் பற்றி நான் பயந்தது அப்போதுதான். அதுவரை உத்தியோகத்தைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன்.

அரிசி கிடைக்கவில்லை. "அப்ப இது எப்பிடி இவ்வளவு கொழுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர். பசியில் ராணி அழத் தொடங்கினாள்.

"நான் காட்டுறன், ஐயா," என்றேன். (படித்த பெண் அல்லவா, செய்முறையோடு விளக்க வேண்டாமா?) மூன்று ஆண்கள் பார்த்திருக்கப் பின்வாசற்படியில் உட்கார்ந்து சோறு பிசைந்தேன். ரைகருக்கு ஒரு வாய். ராணிக்கு ஒரு வாய். "அங்க பார், கோச்சி!"

"தங்கச்சி, கோச்சி போகட்டும். இஞ்சால பாரும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

திரும்பினேன். கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்த சோற்றை ராணி கையில் எடுத்து, ரைகரின் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு வாய்," என்றாள், என்னைப் போலவே கொஞ்சலாக.

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "பதுக்கின அரிசி முழுக்க நாய்க்குள்ளதான் கிடக்கு. அதைப் பறிமுதல் செய்ய எனக்குச் சட்டமில்லை."

பியோன் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. ராணியைத் தூக்கி, அவள் புயத்தை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். "நீர் பக்கத்திலதானே இருந்தனீர்?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

ரைகரைக் கொள்ளுப்பிட்டியில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். "நாய்க்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, ரெண்டு வண்டி வேணும்மா," என்றார் ரிக்‌ஷாக்காரர். வைத்தியர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இருதயம் களைச்சுப் போச்சு."

"என்ன வருத்தம், டொக்டர்?"

"மிஸிஸ், நாய் தானாகக் குசினிக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிடாது."

அதன்பிறகு கதவைச் சாத்திவிட்டுத்தான் ராணிக்கு ஊட்டினேன். முதலில் அழுதாள், பிறகு விழுங்கப் பழகினாள், மெல்ல மெல்லச் சதை வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ரைகரின் மூச்சு கேட்கும். ஒருநாளும் குரைக்கவில்லை. கதவடி இடுக்கில் மூக்கை மட்டும் வைத்திருக்கும். சில நாட்களில் மனம் கேளாமல் பாண் துண்டொன்றை அந்த இடுக்கால் தள்ளிவிடுவேன். மழைக்கு முந்திய வெக்கையில் ஒரு மத்தியானம், தள்ளிய பாண் தள்ளிய இடத்திலேயே கிடந்தது.

இன்றைக்கும் கலியாண வீட்டுப் பந்தியில் யாராவது இரண்டாம் முறை பாயசம் கேட்டால், "கவனம், இன்ஸ்பெக்டர் வருவார்," என்பார் என் கணவர். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. ராணி பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய ஆக்கினை தாங்காமல் அவர் கொட்டாஞ்சேனையில் சிநேகிதர் வீட்டிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். அதற்குச் சோறு வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வைப்பேன், பாதியைத் திரும்ப எடுப்பேன், பிறகு இன்னும் ஒரு பிடி எடுப்பேன். நேற்று ராணி குட்டியின் விலாவைத் தடவிக்கொண்டிருந்தவள், "அம்மா, இதுக்கு உள்ளுக்க ஏணி இருக்கு," என்றாள். அவர் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

நாய் வளர்த்துப் பழகிய வாசகர்கள் யாராவது தயவுசெய்து எழுதுங்கள்: ஒரு குட்டியின் விலா எலும்பு எவ்வளவு தெரிந்தால் சரி? சுணங்காமல் எழுதுங்கள். அது வளருகிற வயது.